முயல் பிடிக்கும் நீள வலை: புதிதாகப் பழகுபவர்கள் சாமானைப் புரிந்துகொள்ள

இங்கிலாந்தில் காட்டை ஒட்டி நிலம் வைத்திருக்கும் எந்த விவசாயியிடமும் முயலைப் பற்றிப் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். குளிர்காலக் கோதுமை இளம் பயிராக நிற்கும்போது, காட்டோரம் முழுக்க அகலமாக ஒரு பட்டை மொட்டையாகக் கிடப்பதைக் கூட்டிப்போய்க் காட்டுவார். துப்பாக்கி, கூண்டு, வளைக்குள் ஃபெரெட் (முயலை வெளியே விரட்டப் பழக்கிய, கீரி போன்ற சிறு பிராணி) விடுவது என்று முயலைக் குறைக்க அங்கே பல வழிகள் உண்டு. அவற்றில் பழையதும் சத்தமே இல்லாததும் நீள வலை. அங்குள்ளவர்கள் லாங் நெட் என்பார்கள்.

பகலெல்லாம் காட்டுக்குள்ளோ உயிர்வேலிக்கு அடியிலோ வளையில் கிடக்கும் முயல்கள் இருட்டியதும் வயலுக்கு மேயப் போகின்றன. அவை மேய்ந்துகொண்டிருக்கும்போதே, வயலுக்கும் வளைக்கும் நடுவில், காட்டோரமாக வலையை நிறுத்திவிட வேண்டும். பிறகு வயலின் மறுகோடியிலிருந்து ஒருவர் நடந்து வந்தால் போதும், முயல்கள் வளையைப் பார்த்து ஓடிவந்து வலையில் விழும். இவ்வளவுதான் விஷயம். ஆனால் இதை அமாவாசை இருட்டில், காற்று வீசும் நேரத்தில், விளக்கில்லாமல், பேசாமல் செய்ய வேண்டும். கைக்கு அடங்காத சாமானை வைத்துக்கொண்டு இதைச் செய்ய முடியாது. அதனால்தான் வலை போடும் வித்தையைப் பேசுவதற்கு முன்னால் சாமானை உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன்.

முதலில் அனுமதி

இந்தக் கட்டுரை இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளுக்கு மட்டும்தான். ஸ்காட்லாந்தில் விதிகள் வேறு. இந்தியாவிலிருந்து படிப்பவர்கள் இதை ஊரில் முயன்று பார்க்கவே கூடாது. நம் ஊர்க் காட்டுமுயல் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது, வலை வைத்துப் பிடித்தால் வழக்குத்தான்.

இங்கிலாந்தில் நிலைமை நேர்மாறு. 1954ஆம் ஆண்டு பூச்சி, பிராணித் தொல்லைச் சட்டம் நிலத்தை வைத்திருப்பவர்தான் முயலைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று பொறுப்பை அவர் தலையில் வைக்கிறது. 1880இலேயே குத்தகை விவசாயிக்கும் தன் நிலத்தில் முயல் பிடிக்கும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டது. ஆனால் அந்த உரிமை அவருடையது, உங்களுடையது இல்லை. அவரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். எந்த வயல், எந்தக் காட்டோரம், எந்த வழியாக வருவீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். இரவில் அனுமதியில்லாமல் வலையோடு நிலத்தில் நின்றால் 1828ஆம் ஆண்டு இரவுத் திருட்டு வேட்டைச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. போகும் இரவன்று 101 எண்ணில் காவல்துறைக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்ல பழக்கம். இருட்டில் நடமாட்டத்தைப் பார்த்து யாராவது புகார் செய்தால், நீங்கள் யார் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

இன்னொன்று: வலையில் விழுந்த நிமிடத்திலிருந்து அந்த முயல் உங்கள் பொறுப்பு. 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அதற்கும் பொருந்தும். ஆகவே வலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது என்ற பேச்சே கிடையாது. வலை நிற்கும்வரை நீங்களும் அங்கே நிற்க வேண்டும்.

வலையின் உயிர் தொய்வில்

கடையில் நீள வலையைத் தொங்கவிட்டுப் பார்த்தால் மூன்றே பொருள்தான் தெரியும். மேலே ஒரு கயிறு, கீழே ஒரு கயிறு, நடுவில் கண்வலை (வலையின் துளையைத்தான் கண் என்கிறோம்). கயிறுகளில் வலை கோத்து ஓடும்படி இருக்கும், முடிச்சுப் போட்டு இறுக்கியிருக்காது. இந்த ஓட்டம்தான் எல்லாம்.

100 கஜம் கயிற்றில் 100 கஜம் வலையைக் கட்டினால் அது வேலி. ஓடிவரும் முயல் அதில் மோதித் திரும்பிப் போய்விடும். அதனால் 100 கஜம் கயிற்றில் குறைந்தது 150 கஜம் வலையைச் சுருக்கிக் கோப்பார்கள். உயரத்திலும் அப்படித்தான். முழுதாக இழுத்தால் நாலைந்து அடி வரும் வலை, குச்சியில் நிற்கும்போது இரண்டு அல்லது இரண்டரை அடியில்தான் நிற்கும். மிச்சம் எல்லாம் தொய்வு. முயல் வேகமாக வந்து மோதும்போது அந்தத் தொய்வு பின்பக்கம் பைபோலப் பிதுங்கி, தூளித் துணி குழந்தையை வாங்கிக்கொள்வதுபோல முயலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. முயல் உதைக்க உதைக்கக் கண்கள் அதைச் சுற்றிக்கொள்ளும். தொய்வு குறைந்த வலையில் முயல் நிற்காது. தொய்வெல்லாம் ஒரே இடத்தில் குவிந்துவிட்டால், அந்த இடத்தில் மட்டும் முயல் மாட்டும், மற்ற இடங்களில் திரும்பி ஓடும்.

வாங்கும்போது இதனால்தான் கவனம் தேவை. 50 கஜம் வலை என்று எழுதியிருந்தால், நிறுத்தினால் 50 கஜம் வருமா, அல்லது வலைத் துண்டே 50 கஜம்தானா என்று கேளுங்கள். இரண்டாவது பதில் வந்தால், நிறுத்தும்போது முப்பது, முப்பத்தைந்து கஜம்தான் கிடைக்கும். அதையும் மீறி இழுத்துக் கட்டினால் வேலிதான்.

எவ்வளவு நீளம்?

வழக்கத்தில் 25, 50, 100 கஜம் என்று கிடைக்கும். ஒரு கஜம் மூன்று அடி, 100 கஜம் சுமார் 91 மீட்டர். 100 கஜம் வலையைப் பழகிய கை சில நிமிடங்களில் நிறுத்திவிடுவதைப் பார்க்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனாலும் புதியவர் 50 கஜத்தில் தொடங்குவதே சரி என்பது என் உறுதியான கருத்து. பிசகினால் பிரித்தெடுக்கக்கூடிய நீளம் அது. கை பழகியபின் இன்னொரு 50 கஜம் வாங்கி, முனையோடு முனை சேர்த்து நிறுத்தலாம். பகலில் ஃபெரெட்டோடு வேலை செய்து, புதரைச் சுற்றி வளைக்க மட்டும்தான் வேண்டும் என்றால் 25 கஜமே போதும்.

நூலும் கண்ணும்

நூலில் பழையது, புதியது என்று இரண்டு கட்சி உண்டு. ஹெம்ப் என்ற, சணல் போன்ற செடிநாரில் செய்த வலை கனமாக, தரையோடு படிந்து நிற்கும், காற்றுக்கு அதிகம் ஆடாது, தானாகச் சிக்கலும் விழாது. கையில் பிடிக்க இதமாக இருக்கும். அதன் குறை ஈரம். நனைந்தால் எடை ஏறும், காயாமல் சுருட்டி வைத்தால் மக்கிவிடும். அந்தக் காலத்தில் இதற்காகவே பருத்தி, ஹெம்ப் வலைகளை மரப்பட்டைச் சாயத்தில் ஊறவைத்துப் பழுப்பாக்குவார்கள். பிரிட்டிஷ் மீனவர்கள் பாய்களுக்கும் வலைகளுக்கும் இந்தியா, பர்மாவிலிருந்து போன காசுக்கட்டியைத்தான் கரைத்துப் பூசினார்கள்.

நைலான் மக்காது, எடை குறைவு, நனைந்தாலும் சீக்கிரம் காயும். ஆனால் மெல்லிய முறுக்கு நைலான் காற்றில் எழும்பும், கண்ணில் பட்ட சுள்ளியையெல்லாம் பிடித்துக்கொள்ளும். நூலின் தடிமனை 4 இசட், 6 இசட் என்று குறிப்பார்கள், எண் கூடினால் தடிமன் கூடும். 4 இசட் மெலிது, பழகிய கைக்கு வேகமாக ஓடும், புதியவருக்குத் தொல்லை. 10 இசட் ஸ்பன் நைலான் என்று ஒன்று இருக்கிறது. பஞ்சு நூல் போல மேலே மெல்லிய பிசிறோடு மென்மையாக இருக்கும். ஹெம்பின் படிவும் நைலானின் உறுதியும் ஓரளவு சேர்ந்து வருவதால், முதல் வலைக்கு இதைத்தான் நான் சொல்வேன். நிறம் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். இருட்டில் முயலுக்கு நிறம் பெரிதில்லை. நீங்கள் தேடும்போது உங்களுக்குத் தெரிகிற நிறமாக இருந்தால் நல்லது.

கண்ணளவு முடிச்சுக்கு முடிச்சு இரண்டரை அங்குலம் அளவில் இருக்கும், அதாவது கண்ணை இழுத்துப் பிடித்தால் ஐந்து அங்குலம். இதைவிடப் பெரிதானால் இளம் முயல் நுழைந்து போய்விடும். மிகச் சிறிதானால் தலை உள்ளே போகாது, முயல் வலையில் சுற்றிக்கொள்ளாமல் மேலே உருண்டு தப்பும், வலையின் எடையும் ஏறும். விற்பவர்கள் சிலர் முடிச்சுக்கு முடிச்சும் சிலர் இழுத்தும் அளவு சொல்வார்கள், எந்தக் கணக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேல்கயிறும் கீழ்கயிறும் பின்னல் கயிறாக இருக்க வேண்டும். முறுக்குக் கயிறு தொய்ந்தால் தானே சுருண்டு கண்ணுக்குள் புகுந்துகொள்ளும். இழுத்தால் நீளாத ரகமாகவும் பாருங்கள். மேல்கயிறு நீண்டுகொடுத்தால் குச்சிக்குக் குச்சி நடுவில் வலை தொங்கிப்போய், முயல் தாண்டிவிடும்.

குச்சி, முளை

குச்சிக்கு ஹேசல் மரம்தான் காலகாலமாகப் பேர்போனது. நேராக வளரும், எடை குறைவு, சட்டென ஒடியாது. குளிர்காலத்தில் இலை உதிர்ந்தபின் வெட்டி, நிழலில் காயவைத்து, ஒரு முனையைக் கூராக்க வேண்டும். நீளம் 30 முதல் 36 அங்குலம், தடிமன் கட்டைவிரல் அளவு. பிசிறு, கணு, தூக்கிய பட்டை எதுவும் இருக்கக் கூடாது. வலையைப் பிடித்திழுக்க ஒரு சின்னக் கணு போதும். வழவழப்பாகத் தேய்த்துவிடுங்கள். ஃபைபர் கிளாஸ் குச்சிகளும் விற்கிறார்கள், கெட்டியான மண்ணிலும் இறங்கும். ஆனால் வழுக்கும் என்பதால் கயிற்றை இன்னொரு சுற்று சுற்ற வேண்டியிருக்கும்.

நாலைந்து கஜத்துக்கு ஒரு குச்சி என்பது கணக்கு. 50 கஜம் வலைக்கு பத்துப் பன்னிரண்டு குச்சி தேவை. இரண்டு மூன்றைக் கூடுதலாக எடுத்துப் போங்கள், இருட்டில் குச்சி காணாமல் போவது சகஜம். அதனாலேயே தலைப்பக்கம் வெள்ளைத் துணி நாடா ஒட்டிவைப்பவர்கள் உண்டு.

இரு முனைகளிலும் இரும்பு முளை. மொத்த மேல்கயிற்றின் இழுவையும் இவற்றின் மேல்தான். ஆழமாக இறங்கும் நீளம் வேண்டும், தலையில் வளையம் இருந்தால் கயிறு கட்டவும் பிடுங்கவும் வசதி. சுத்தியல் எடுத்துப் போகாதீர்கள். இரும்பில் இரும்பு அடிக்கும் சத்தம் வயல் முழுக்கக் கேட்கும். காலால் மிதித்து இறங்கும் முளையே நமக்கு வேண்டும்.

மற்றவை

வலையைப் போட வாயகன்ற, உள்ளே கொக்கியோ பக்கிளோ இல்லாத பை ஒன்று. குச்சிகளுக்குத் தோளில் மாட்டும் நீளப் பை. வலையைக் குச்சியோடு சேர்த்தே கூடையில் அடுக்கி வைத்து, நடந்துகொண்டே எடுத்துக் குத்துகிற முறையும் உண்டு. ஒற்றை ஆளாகவே நிறுத்திவிடலாம், வேகமும் அதிகம். ஆனால் கூடையில் திரும்ப அடுக்குவது தனி வேலை. பழைய முறையைக் கொஞ்சம் பழகிவிட்டு அதற்குப் போனால், கூடை எதற்காக என்று நன்றாகப் புரியும்.

உடையும் சாமான்தான். பொத்தான், ஜிப், பெல்ட் கொக்கி, கைக்கடிகாரம், மோதிரம் எல்லாம் வலைக்கு எதிரிகள். பொத்தானில்லாத கம்பளிச் சட்டை நல்லது. உரசினால் சரசரக்கும் மழைக்கோட்டு வேண்டாம். தலைவிளக்கு ஒன்று, முடிந்தால் சிவப்பு வெளிச்சம் உள்ளது. அது வேலை முடிந்தபின் எடுக்கத்தான். முனை மழுங்கிய கத்தரிக்கோல் ஒன்று சட்டைப்பையில் கட்டாயம். பூனையோ, நரியோ, வளை தோண்டாத பெரிய வயல்முயலோ, ஏன், வளை தோண்டி வாழும் பேட்ஜர் என்ற காட்டு விலங்கோகூட மாட்டலாம். பேட்ஜரைக் காக்க 1992ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. அந்த நேரத்தில் சிக்கலைப் பிரித்துக்கொண்டு நிற்காமல் வலையை வெட்டிவிட்டு விலங்கை விடுங்கள். கண்ணைப் பிறகு பின்னிக்கொள்ளலாம்.

முயலை நொடியில் வலியில்லாமல் கொல்வதை அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் நின்று கையைப் பிடித்துக் கற்றுத்தர வேண்டும். எழுத்தில் படித்துவிட்டுப் போகாதீர்கள். அது தெரியாதவரை வலையைப் பகல் பயிற்சிக்கு மட்டும் வெளியே எடுங்கள்.

பகலில் புல்வெளியில்

வலை வாங்கிய முதல் சில வாரங்கள் வயல் பக்கமே போக வேண்டாம். வீட்டுத் தோட்டமோ, யாரும் இல்லாத புல்வெளியோ போதும்.

முதலில் ஒரு முனையின் இரும்பு முளையை இறக்கி, மேல்கயிற்றையும் கீழ்கயிற்றையும் அதில் மாட்டுங்கள். வலைக் கட்டை இடது கையில் வைத்துக்கொண்டு, பின்பக்கமாக மெல்ல நடந்துகொண்டே வலது கையால் வலையை விட்டுக்கொண்டு போங்கள். இழுக்க வேண்டாம், தானாக விழட்டும். மறுமுனை வந்ததும் மேல்கயிற்றை விண்ணென்று இழுத்து இரண்டாவது முளையை இறக்குங்கள். கீழ்கயிறு அந்த அளவு இறுக்கமாக இருக்க வேண்டியதில்லை, தரையோடு கிடந்தால் போதும்.

இப்போது குச்சிகள். குச்சியின் அடியில் கீழ்கயிற்றை ஒரு சுற்று சுற்றி மண்ணில் குத்துங்கள். மேல்கயிற்றைத் தூக்கித் தலைப்பக்கம் ஒரு சுற்று. அடுத்த குச்சிக்குப் போகும் முன், இடையில் உள்ள வலையை இரண்டு கையாலும் தடவிப் பாருங்கள். தொய்வு சமமாகப் பரவியிருக்கிறதா, கீழே கொஞ்சம் வலை மடிந்து தரையில் கிடக்கிறதா? கீழே இடைவெளி இருந்தால் முயல் அதைத்தான் கண்டுபிடிக்கும். குழியான இடத்தில் குச்சியை நெருக்கிக் குத்துங்கள்.

எல்லாம் நின்றபின் ஒரு பந்தை எடுத்துத் தரையோடு வேகமாக வலையில் உருட்டிவிடுங்கள். பந்து பைக்குள் போய் நின்றால் தொய்வு சரி. பட்டுத் திரும்பி வந்தால் மேல்கயிற்றிலோ தொய்விலோ கோளாறு.

கண்ணைத் திறந்துகொண்டு சரளமாக வந்தபின், கண்ணைக் கட்டிக்கொண்டு அதையே செய்யுங்கள். துணைக்கு ஒருவர் இருந்தால், ஒருவர் வலை விட மற்றவர் குச்சி குத்தலாம். அந்தப் பேச்சில்லாத ஒத்துழைப்பு பகலிலேயே வந்துவிட வேண்டும்.

இரவு எது, இடம் எது

அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். பயிர் தாழ்வாக இருக்கும், இருட்டு நீளம், பால்குடிக் குட்டிகளும் குறைவு. நிலவில்லாத, நல்ல காற்றுள்ள இரவைத் தேர்ந்தெடுங்கள். காற்று வயலிலிருந்து காட்டைப் பார்த்து வீச வேண்டும். அப்போது உங்கள் வாசமும் சத்தமும் மேய்கிற முயலுக்குப் போகாது. அதே காற்று, மறுகோடியிலிருந்து வருபவரின் வாசத்தை முன்கூட்டியே கொண்டுபோய் முயல்களைக் கிளப்பிவிடும்.

பகலில் ஒருமுறை போய், மேய்ந்த பட்டை, புழுக்கை, வேலியடியில் தேய்ந்த ஒற்றைத் தடம் எல்லாவற்றையும் பாருங்கள். வலை நிற்கப்போகும் கோட்டில், காட்டிலிருந்து சில கஜம் தள்ளி, சுள்ளி, முள், உலர்ந்த தண்டு இருந்தால் அன்றே பொறுக்கிவிடுங்கள். கண் வீங்கி, ஓடத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் முயல் கண்ணில் பட்டால் அது மிக்சோமடோசிஸ். 1953இல் கென்ட் பகுதியில் நுழைந்த இந்த நோய், சில ஆண்டுகளிலேயே நாட்டின் முயல்களில் பெரும்பாலானவற்றைத் துடைத்துப்போட்டது. வலை போட்டே பிழைத்தவர்களின் தொழிலும் அதோடு ஒடுங்கிப்போனது. இன்னும் ஆண்டுதோறும் அங்கங்கே வருகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பிடிப்பதைச் சமையலுக்கு எடுக்காதீர்கள். அந்த இரவைத் தள்ளிப்போடுவதே மேல்.

சுருட்டுவதும் காப்பதும்

வலையைப் போடுவது பாதி வேலைதான், அடுத்த முறை அது எப்படி விரியும் என்பதை இன்று சுருட்டும் கைதான் தீர்மானிக்கிறது. கடைசியாக இறக்கிய முனையிலிருந்து தொடங்குங்கள். குச்சிகளை முதலில் பிடுங்கி எண்ணிப் பையில் போட்டுவிடுங்கள். பிறகு மேல்கயிறு, கீழ்கயிறு இரண்டையும் சேர்த்துப் பிடித்து, கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே எட்டு வடிவில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே முதல் முனை வரை நடங்கள். வலைப் பகுதி கைக்குக் கீழே ஒரே பக்கம் தொங்கட்டும். போகும் வழியிலேயே இலை, முள், சுள்ளி, ரோமம் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். இன்று விட்ட ஒரு முள் அடுத்த இருட்டில் பத்துக் கண்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சுருட்டிய வலையை இரும்பு முளையில் மாட்டி, ஒரு நாடாவால் தளர்வாகக் கட்டிப் பையில் போடுங்கள். முதலில் விரியவேண்டிய முனை மேலே இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், வலையை வெளியே எடுத்துக் காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள். ஹெம்ப் என்றால் இது கட்டாயம், நைலான் என்றாலும் கயிறுகள் காய வேண்டும். வெயிலில் நாள்கணக்கில் விட்டால் நைலான் நூல் பலம் இழக்கும், ஆகவே நிழலில். காய்ந்தபின் கிழிந்த கண்களைப் பாருங்கள். மீன்வலை பின்னும் அதே ஊசி, அதே முடிச்சுத்தான் இதற்கும். ஊரில் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த வேலை கையோடு வந்துவிடும். ஒரு கண் கிழிந்திருக்கும்போதே தைத்துவிட்டால் ஐந்து நிமிடம், விட்டுவைத்தால் அந்த ஓட்டை அடுத்த முறை ஒரு முயல் போகும் அளவுக்கு விரிந்திருக்கும். அதன்பின் எலி ஏறமுடியாத உயரத்தில், உத்திரத்தில் ஆணி அடித்துக் கம்பியில் தொங்கவிடுங்கள். ரத்த வாடை இருக்கும் வலையை எலி விடாது, குறிப்பாக ஹெம்ப்பை.